வீட்டு ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்கி வைப்பது: எவ்வளவு, எங்கே, எத்தனை நாள்

கேள்வி இதுதான்: போன வருஷம் 3 கிலோவாட் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கினீர்கள், கூடவே இரண்டு 20 லிட்டர் கேன் நிறையப் பெட்ரோலும் வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்தீர்கள், எட்டு மாதம் கழித்துக் கரண்ட் போனபோது ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் கெட்டுப்போய்விட்டதா, எவ்வளவு வைத்திருக்கலாம், பேசாமல் டீசலுக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை: அந்த இரண்டு கேன்களையும் இன்றைக்கே படிக்கட்டுக்கு அடியிலிருந்து எடுத்து வெளியே, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எரிவது திரவமாக இருக்கும் பெட்ரோல் அல்ல, அதிலிருந்து கிளம்பும் ஆவி. மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடத் தீப்பிடிக்கிற அளவுக்குப் பெட்ரோல் ஆவியாகும், அதனால் எந்த ஊர் வெப்பநிலையிலும் அது ஆபத்தான பொருள்தான். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலைந்துவிடாது, தண்ணீர் மாதிரித் தரையோடு தரையாக ஓடிப் பள்ளத்திலும் மூலையிலும் தேங்கும். காற்றில் அது ஒன்றரை சதவீதத்தை எட்டினாலே பற்றிக்கொள்ளும். ஒரு டம்ளர் அளவு, அதாவது 200 மில்லி பெட்ரோல் கசிந்து ஆவியானால் இரண்டு கன மீட்டருக்கு மேற்பட்ட காற்றைத் தீப்பற்றும் கலவையாக்கிவிட முடியும், உங்கள் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இடமே ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். பக்கத்து அறையில் ஃபிரிட்ஜின் ரிலேயோ, கேஸ் கீசரின் சின்னச் சுடரோ, ஒரு ஸ்விட்சோ போதும். போதாக்குறைக்கு, மாடியில் இருப்பவர்கள் தப்பித்து இறங்கி வரவேண்டிய வழியும் அந்தப் படிக்கட்டுதான்.

சரி, ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்கு வருவோம். என் கைக்கு வரும் 'ஸ்டார்ட் ஆகவில்லை' ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிளக் நன்றாக இருக்கும், கம்ப்ரெஷன் நன்றாக இருக்கும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றினால் அடியில் இருக்கும் பவுலில் பச்சையும் பழுப்புமாகப் பிசின் பிடித்திருக்கும். போன தடவை ஓட்டி நிறுத்தியபோது அந்தச் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருந்திருக்கும், அளவு குறைவாகவும் காற்று படும்படியாகவும் இருப்பதால் கேனில் இருப்பதற்கு முன்பே அது கெட்டுவிடும். அங்கிருந்து பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரைவிடச் சின்னது, மெல்லிய பிசின் படலமே அதை அடைத்துவிடும். என் வீட்டிலேயே ஒரு தடவை இப்படி நடந்தது. மழைக்காலம் முடிந்ததும் மூடி வைத்ததை அடுத்த மழைக்காலத்தில்தான் தொட்டேன், ராத்திரி பத்து மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து நிறுத்தும்போதெல்லாம் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வால்வை மூடிவிட்டு, எஞ்சின் தானாக மூச்சு விட்டு அணையும்வரை ஓடவிடுகிறேன். அதற்கு மேலும் பவுலின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து மிச்சத்தை ஒரு டப்பாவில் பிடித்துவிடலாம். மாதக்கணக்கில் சும்மா நிற்கப்போகிறது என்றால் டேங்கையும் காலியாக வைப்பது நல்லது. இதை மட்டும் செய்திருந்தாலே உங்கள் ஜெனரேட்டர் அன்றைக்கு ஓடியிருக்க வாய்ப்பு அதிகம்.

கேனில் இருக்கும் பெட்ரோலுக்கும் வயசு உண்டு. பெட்ரோல் பல பொருட்களின் கலவை. அதில் சீக்கிரம் ஆவியாகும் லேசான பகுதிதான் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ண உதவுகிறது, கேனைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் முதலில் தப்பிப்பது அதுதான். மிச்சம் இருப்பது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெதுவாகப் பிசினாக மாறுகிறது, சூடு கூடக்கூட இது வேகமாக நடக்கும், பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் தகரக் கூரை போட்ட ஷெட்டில் வைத்த பெட்ரோல், நிழலில் வைத்ததைவிட முன்னாலேயே கெட்டுப்போகிறது. நல்ல மூடியுள்ள கேனில், நிழலில், எத்தனால் கலக்காத பெட்ரோல் ஆறு மாதம் வரைக்கும் பெரும்பாலும் தாங்கும்.

எத்தனால் கலந்தது என்றால் கதை வேறு. இன்றைக்குப் பல நாடுகளில் பங்கில் கிடைப்பதே எத்தனால் கலந்த பெட்ரோல்தான். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் அறை வெப்பநிலையில் அரை சதவீதம் அளவுக்குத்தான் தண்ணீரைத் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும், அதாவது 20 லிட்டருக்குச் சுமார் 100 மில்லி. அதைத் தாண்டினாலோ, ராத்திரிக் குளிரில் அந்தத் தாங்கும் அளவு குறைந்தாலோ, எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து கேனின் அடியில் தனி அடுக்காகப் படிந்துவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் டேங்கின் அடியில் இருப்பதால் முதலில் உள்ளே போவது அந்த அடுக்குதான். மேலே நிற்கும் பெட்ரோலோ எத்தனாலை இழந்துவிட்டதால் ஆக்டேன் குறைந்து தரம் தாழ்ந்துவிடுகிறது. ஒரு தடவை இப்படிப் பிரிந்துவிட்டால் குலுக்கினாலும் சரி, புதுசு கலந்தாலும் சரி, வேலைக்கு ஆகாது. எத்தனால் கலந்ததற்கு நான் வைத்திருக்கும் கணக்கு மூன்று மாதம், காற்றில் ஈரம் அதிகமான இடமென்றால் அதற்கும் குறைவு.

ஸ்டெபிலைசர் என்று ஒரு திரவம் விற்கிறார்கள், அது உண்மையிலேயே வேலை செய்யும். பிசின் உருவாவதை அது தள்ளிப்போடும், பாட்டிலில் சொன்ன அளவில் கலந்தால் ஒரு வருஷம் வரைக்கும் தாங்கும் என்று நம்பலாம். ஆனால் வாங்கிய அன்றைக்கே, பெட்ரோல் புதுசாக இருக்கும்போதே கலக்கவேண்டும். கெட்டுப்போனதை அது திருப்பிக் கொண்டுவராது, பிரிந்துபோன எத்தனாலையும் சேர்த்து வைக்காது. கலந்த பிறகு ஜெனரேட்டரை ஐந்து பத்து நிமிஷம் ஓட்டினால்தான் கார்புரேட்டர் வரைக்கும் அது போய்ச் சேரும்.

இப்போது எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி. நாற்பது லிட்டர் என்று ஏதோ ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்வதற்கு முன்னால் உங்கள் ஜெனரேட்டர் உங்கள் வீட்டு லோடில் மணிக்கு எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து பாருங்கள், இது ஒரு மத்தியான வேலைதான். டேங்கில் ஒரு அடையாளம் வரை ஊற்றி, கரண்ட் போனால் எதையெல்லாம் போடுவீர்களோ அதையெல்லாம் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டி, நிறுத்தி ஆறவிட்டு, மறுபடியும் அதே அடையாளம் வர எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் கணக்கு பெரும்பாலும் கால் லோடு, அரை லோடு என்று ஏதாவது ஒன்றுக்குத்தான் இருக்கும், உங்கள் வீடு அதுவாக இருக்காது.

குத்துமதிப்பாக ஒன்று சொல்கிறேன். 3 கிலோவாட் சாதாரண ஜெனரேட்டர் பாதி லோடில் மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே குடிக்கும். ஃபிரிட்ஜ், மூன்று மின்விசிறி, நாலைந்து விளக்கு, வைஃபை என்று 400 வாட் மட்டும் போட்டாலும் அது அந்த அளவுக்குக் குறையாது, முக்கால் லிட்டரையாவது ஒட்டி நிற்கும். மின்சாரம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் வரவேண்டும் என்பதற்காக அந்த எஞ்சின் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 3000 அல்லது 3600 சுற்றில் ஓடிக்கொண்டே இருக்கும், அந்தச் சுற்றுக்கே பாதிப் பெட்ரோல் போய்விடுகிறது. இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் மட்டும்தான் லோடு குறைந்தால் சுற்றையும் குறைத்துக்கொள்ளும், அதனால்தான் சின்ன லோடுக்கு அது சிக்கனம்.

இதிலிருந்து ஒரு வழி பிறக்கிறது. குறைந்த லோடில் நாள் முழுக்க ஓட்டினால் 24 மணி நேரத்துக்கு 18 லிட்டர் ஆகும். அதையே இரண்டு மணி நேரம் ஓட்டி நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தால் நாளுக்கு எட்டு மணி நேர ஓட்டம்தான். ஓடும் நேரத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, போன்களையும் பேட்டரி விளக்குகளையும் சார்ஜ் ஏற்றி, லோடைக் கூட்டி ஓட்டினாலும் எட்டு ஒன்பது லிட்டரில் முடிந்துவிடும். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்துக்கொள்ளும், அதனால் உள்ளே இருப்பது கெடாது. வீட்டில் ஏற்கனவே ஒரு சின்ன யூபிஎஸ் பேட்டரி இருந்தால் இடைவெளி நேரத்தில் மின்விசிறியையும் விளக்கையும் அது பார்த்துக்கொள்ளும், ராத்திரி முழுக்க எஞ்சின் சத்தமும் இருக்காது. ஆக, மூன்று நாள் தாக்குப்பிடிக்க 30 லிட்டர் தாராளம். உங்களுக்கு நாற்பது தேவையில்லை. ஆக்ஸிஜன் இயந்திரம் போல நிறுத்தவே முடியாத ஒன்று வீட்டில் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அப்போது தனியாகத் திட்டமிட வேண்டும்.

அந்த முப்பதை மூன்று 10 லிட்டர் கேன்களாக வையுங்கள். 20 லிட்டர் கேன் முழுசாக இருந்தால் பெட்ரோல் எடை மட்டுமே 15 கிலோ, அதை இருட்டில் தூக்கிச் சின்ன வாயில் ஊற்றும்போது சிந்தாமல் இருக்காது. ஒவ்வொரு கேன்மேலும் வாங்கிய தேதியை மார்க்கரில் எழுதுங்கள். மாதம் ஒரு நாள், உதாரணமாக ஒன்றாம் தேதி, மூன்றில் பழசான கேனை எடுத்துப் பெட்ரோல் காரிலோ பைக்கிலோ ஊற்றிவிட்டு, அதையே புதுசாக நிரப்பிக் கொண்டுவந்து வரிசையில் கடைசியில் வையுங்கள். இப்படிச் செய்தால் மூன்று மாதத்துக்கு மேல் பழையது உங்களிடம் எப்போதுமே இருக்காது, ஒரு சொட்டும் வீணாகாது, காசும் கூடுதலாகச் செலவாகாது, எப்படியும் வண்டிக்குப் போடவேண்டிய பெட்ரோல்தானே அது. அதே நாளில் ஜெனரேட்டரையும் இருபது நிமிஷம் லோடு கொடுத்து ஓட்டிவிட்டு, முன்னால் சொன்னமாதிரி பெட்ரோல் வால்வை மூடி நிறுத்துங்கள். பெட்ரோல் வண்டியே இல்லாத வீடென்றால் பத்து லிட்டரோடு நிறுத்திக்கொண்டு ஸ்டெபிலைசர் கலந்து வைப்பதுதான் சரி. இதில் நான் ரொம்பக் கறாராக இருப்பதற்குக் காரணம், மூன்று வருஷப் பெட்ரோல் அறுபது லிட்டரை ஷெட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு தைரியமாக இருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த அறுபதில் ஒரு லிட்டர்கூட ஆபத்து நேரத்தில் உதவாது. வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்குப் பல நாடுகளில் சட்ட வரம்பும் உண்டு, வாங்குவதற்கு முன் உங்கள் இடத்து விதியையும் வீட்டுக் காப்பீட்டு நிபந்தனையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேன் விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். எரிபொருளுக்கென்றே செய்த கெட்டி பிளாஸ்டிக் கேன் அல்லது இரும்பு ஜெர்ரி கேன், ரப்பர் வாஷர் உள்ள இறுக்கமான மூடி. தண்ணீர் கேன், எண்ணெய் டின், குளிர்பான பாட்டில் எதுவும் கூடாது. சில பிளாஸ்டிக்குகளைப் பெட்ரோல் உப்பவும் விரிசல் விடவும் வைக்கும். அதைவிட முக்கியம், குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைத்த பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் குழந்தைகள் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடுவது அடிக்கடி நடக்கும் கொடுமை. அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, மேலே வரும்போது நுரையீரலுக்குள் போய்விட்டால் அதுதான் உயிரைக் குடிக்கும், நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். வாயால் குழாயை உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான், கையால் அழுத்தும் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பங்கில் நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்பச் சொல்லுங்கள், பங்க்காரர் அலுத்துக்கொண்டாலும் விடாதீர்கள். வண்டிக்குள் இருக்கும் விரிப்பின்மேல் கேன் இருந்தால், பெட்ரோல் பாய்ந்து இறங்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் தரைக்குப் போக வழியில்லாமல் சேர்ந்து பொறியாகிவிடலாம். நாசில் கேனின் வாயைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். முழுக்க நிரப்பவும் கூடாது. 20 டிகிரி சூடு ஏறினால் 10 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 200 மில்லி விரியும், அதனால் மேலே அரை லிட்டர் இடம் இருக்கட்டும். வெயில் நேரத்தில் கேன் லேசாக உப்பியிருந்தால் மூடியை மெதுவாக, முகத்தை விலக்கிக்கொண்டு திறங்கள்.

கேனை வைக்க வேண்டிய இடம் வீட்டோடு ஒட்டாத, பூட்டக்கூடிய, தரைமட்டத்தில் காற்றோட்டம் உள்ள ஒரு சின்ன அறை அல்லது பெட்டி. ஆவி கீழே தேங்குவதால் காற்றுத் துளை அடியிலும் இருக்க வேண்டும். தரைக்குக் கீழே இருக்கும் அறை வேண்டாம், ஜெனரேட்டர் பக்கத்திலேயும் வேண்டாம். பக்கத்தில் பிரிட்ஜ், வெல்டிங், வாட்டர் ஹீட்டர் எதுவும் இல்லாமல், ஒரு பவுடர் வகைத் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்துகொண்டே தீயைப் பரப்பும்.

நான் மிகவும் பயப்படுவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊற்றுவதைப் பார்க்கும்போதுதான். பெட்ரோல் ஆவி 300 டிகிரிக்குள்ளேயே பொறி இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும், ஓடுகிற ஜெனரேட்டரின் சைலன்சர் அதைச் சுலபமாகத் தாண்டும், பல மாடல்களில் டேங்க் அதற்கு நேர் மேலேயே இருக்கிறது. இருபது நிமிஷம் கரண்ட் இல்லாமல் இருந்தால் எதுவும் ஆகிவிடாது. நிறுத்துங்கள், ஆறவிடுங்கள், டார்ச் வெளிச்சத்தில் ஊற்றுங்கள், மெழுகுவர்த்தியோ லாந்தரோ வேண்டாம். இரண்டு மணி ஓட்டம், நான்கு மணி ஓய்வு என்று ஓட்டினால் எப்போதும் ஆறின எஞ்சினில்தான் ஊற்றுவீர்கள், அந்த முறையில் இது ஒரு கூடுதல் வசதி. மழை, திருட்டுப் பயம் என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராண்டாவிலோ ஓட்டவும் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். ஜன்னல் கதவுகளிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும்.

டீசலுக்கு மாறலாமா? வைத்துக்கொள்ள டீசல் நல்லதுதான். சாதாரண வெப்பநிலையில் அவ்வளவாக ஆவியாகாது, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை கெடாது, ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் குறைவாகவே செலவாகும். ஆனால் அதற்கு எதிரி தண்ணீர். பாதி காலியான டேங்கின் உள்சுவரில் ராத்திரி வியர்த்துச் சொட்டும் தண்ணீர் அடியில் சேர்ந்தால், டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து கறுப்புச் சளி மாதிரி வந்து ஃபில்டரை அடைத்துவிடும். அதனால் டேங்கை நிறைத்தே வைக்க வேண்டும், அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடிக்க வேண்டும். இன்னொன்று, டீசல் எஞ்சினை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான லோடில் நாள்கணக்கில் ஓட்டினால் எரியாத எண்ணெய் சைலன்சரில் படிந்து எஞ்சின் சீக்கிரம் கெடும். 400 வாட் லோடுக்கு டீசல் ஜெனரேட்டர் பொருந்தாது. பெரிய வீடு, நீண்ட மின்வெட்டு, நாலைந்து கிலோவாட் நிலையான லோடு என்றால் யோசிக்கலாம்.

கேஸில் ஓடும் ஜெனரேட்டரும் உண்டு, பெட்ரோல், கேஸ் இரண்டிலும் ஓடுவதும் உண்டு. வயசாவது என்ற பிரச்சினையே எல்பிஜிக்கு இல்லை, பத்து வருஷம் கழித்தும் அப்படியே எரியும், கார்புரேட்டரில் பிசினும் பிடிக்காது. திறன் ஏறக்குறைய பத்து சதவீதம் குறையும், குளிர் நாளில் சின்ன சிலிண்டரிலிருந்து வேகமாக எடுத்தால் சிலிண்டர் உறைபனி பிடித்து அழுத்தம் இறங்கிவிடும். எல்பிஜியும் காற்றைவிடக் கனம் என்பதால் சிலிண்டர் வெளியே, நிமிர்ந்து, பள்ளமில்லாத இடத்தில் நிற்கவேண்டும். வருஷத்துக்கு இரண்டே தடவை ஜெனரேட்டர் ஓட்டுகிற வீட்டுக்கு, பெட்ரோல் வண்டியும் இல்லையென்றால், நான் இதைத்தான் சொல்வேன். உங்கள் பெட்ரோல் ஜெனரேட்டரை நீங்களே குழாய் மாட்டி கேஸுக்கு மாற்ற மட்டும் முயலாதீர்கள், அந்த மாடலுக்கென்று செய்த கிட்டும் தெரிந்த மெக்கானிக்கும் வேண்டும்.

கடைசியாக, அந்த நாற்பது லிட்டர். வெளியே எடுத்து வைத்த கேனிலிருந்து, குலுக்காமல், அடியிலிருந்து பம்ப் வைத்து ஒரு கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் நின்றதும் அடியில் தனி அடுக்கு தெரிந்தாலோ, நிறம் டீ மாதிரிக் கறுத்திருந்தாலோ, பெட்ரோல் வாசனை போய் வார்னிஷ் மாதிரிப் புளித்த நெடி அடித்தாலோ, அந்தக் கேன் எந்த எஞ்சினுக்கும் ஆகாது. அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள், நிலத்தடி நீருக்குப் போய்விடும், குப்பை கொளுத்தவும் பயன்படுத்தாதீர்கள். அபாயக் கழிவு வாங்கும் இடத்திலோ பழைய எரிபொருளை ஏற்றுக்கொள்ளும் பட்டறையிலோ கொடுங்கள். தெளிவாகவும் சரியான வாசனையோடும் இருந்தால் ஜெனரேட்டரில் ஊற்றாமல், காரில் புதுப் பெட்ரோல் நான்கு பங்குக்கு இது ஒரு பங்கு என்ற கணக்கில் சில தடவையாகத் தீர்த்துவிடலாம். ஜெனரேட்டருக்குப் பவுலைக் கழற்றி ஜெட்டைச் சுத்தம் செய்து, டேங்கில் இருக்கும் பழசை முழுக்க வடித்துவிட்டு, இரண்டு லிட்டர் புதுசு ஊற்றி இழுத்துப் பாருங்கள். அப்படியும் ஓடவில்லை என்றால் பிளக்கில் பொறி வருகிறதா, ஆயில் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆயில் குறைந்தால் தானாக அணைக்கும் சென்சாரும் பல மாடல்களில் இருக்கிறது.